குட்டியை விற்பவருக்கு எதுவரை பொறுப்பு?

உவர்மலை வாசி:
9 வார லாப்ரடோர் குட்டி ஒன்று வாங்கினோம். பரம்பரைப் பத்திரம், ஊசி அட்டை எல்லாம் ஒழுங்கு. ஆனால் கிரைண்டர் ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. மீசை வைத்த மாமா குனிந்து கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்கிறது. முற்றத்துப் புல்லில் இறக்கிவிட்டால் ஒரு காலைத் தூக்கியபடி நடுங்கி நின்று, பிறகு சீமெந்துப் படியைத் தேடி ஓடுகிறது. பிறந்ததிலிருந்து கூண்டையும் சாப்பாடு வைக்கும் ஒரே ஆளையும் தவிர எதையும் கண்டதில்லை என்று விற்றவரே பிறகு சொன்னார், ஏதோ பெருமை போல.

புதிய ஆட்களையும் சத்தங்களையும் நாய்க்குட்டி இலகுவாக ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3ஆவது வாரத்தில் தொடங்கி, 12 முதல் 14ஆவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதில் பாதி விற்பவரின் வீட்டிலேயே கழிகிறது. அந்தப் பாதியைப் பாழாக்கிவிட்டு முழு விலை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

உப்புவெளி வளர்ப்பாளர்:
விலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு குட்டிக்கு வந்தால் அந்த ஈற்றே போய்விடும். வாந்தி, இரத்தக் கழிச்சல். காலையில் பால் குடித்த குட்டி மறுநாள் தலை தூக்காது. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். நீங்களோ பஸ் நிலையத்தில் தெருநாய் படுத்த மண்ணை மிதித்துவிட்டு, போகிற வழியில் இன்னும் இரண்டு இடத்தில் குட்டி பார்த்துவிட்டு வந்து, எனக்கு முன்னால் கையை நீட்டித் தூக்குகிறீர்கள். முதல் ஊசி போடும்வரை என் கேற்றுக்குள் யாருக்கும் இடமில்லை. கூச்சத்தை வாங்கியவர் திருத்திக்கொள்ளலாம்.

தம்பலகாமத்துப் பெண்:
மிருக வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறேன். வளர்ப்பாளர் அண்ணாவின் பயம் வீண் பயமில்லை. சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு நாளில் குறைகிறது. அது போதியளவு இருக்கும்வரை ஊசி பிடிக்காது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரமாவது ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

ஆனால் 16 வாரம்வரை பொத்தி வைத்தால் பழகும் பருவம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறதே, அண்ணா. அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர் சங்கம் 2008இலேயே சொல்லிவிட்டது: முதல் ஊசி போட்டு 7 நாளாவது கழிந்த குட்டியை 7, 8 வாரத்திலேயே சுத்தமான இடத்தில் நடக்கும் பயிற்சி வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று.

உங்கள் குட்டிகள் கேற்றைத் தாண்டவே வேண்டியதில்லை. 2ஆவது வாரத்தில் கண் திறக்கிறது, 3ஆவது வாரமளவில் காது கேட்கிறது. அதன்பிறகு ஒவ்வொன்றாகத் தாயிடமிருந்து விலக்கிச் சில நிமிடம் மடியில் வையுங்கள். சாக்கு, பாய், மணல், தகரத் தட்டு, எல்லாவற்றிலும் நடக்கட்டும். தூரத்தில் ஒரு சட்டியைத் தட்டுங்கள், வானொலியைப் போடுங்கள், குடையை மெல்ல விரியுங்கள். வருகிறவர் செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவி உள்ளே வரட்டும். சவர்க்காரமும் வாசனைத் திரவமும் பார்வோவைக் கொல்லாது. தரையை முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

பழைய துறைமுகத்தான்:
டொக்யார்ட் வீதியில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் நாய்களுக்கு யார் குடை விரித்துக் காட்டினார்கள்? திருவிழா வெடிக்கு நடுவிலும் படுத்துத் தூங்கின. இதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய நாய்க்கு வந்த நோய், பிள்ளைகளே.

உவர்மலை வாசி:
ஐயா, உங்கள் ஒழுங்கையில் பிறந்த குட்டி கண் திறந்ததிலிருந்து முச்சக்கர வண்டி, மீன் வியாபாரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாடு, நம் திருகோணமலைத் தெருவில் திரியும் மான் என்று எல்லாவற்றையும் பார்த்துத்தானே வளர்ந்தது? தம்பலகாமத்துக்காரர் சொல்லும் வேலையை அங்கே ஒழுங்கையே சம்பளமில்லாமல் செய்தது. கூண்டில் பிறந்ததற்கு அந்த வாய்ப்பு இல்லை. அமெரிக்காவில் 1961இல் வெளியான ஆய்வு ஒன்றில், உயரமான வேலி போட்ட வயலில் மனிதத் தொடர்பே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். 14ஆவது வாரம்வரை மனிதர் கை படாதவை காட்டு விலங்கு போலாகிவிட்டன. தெருவில் பார்வோவிலும் பஸ்ஸிலும் செத்த குட்டிகளையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வளர்ப்பாளர்:
குட்டிக்கு 5 வாரம் ஆனதும் தொலைபேசியில் வருகிறார்கள்: "சின்னதாக எடுத்தால்தான் எங்களோடு ஒட்டும்." கொடுக்க மறுத்தால் வேறிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். அதற்கும் நான்தான் குற்றவாளியா? தாயே பயந்த சுபாவமாக இருந்தால் நீங்கள் பாயும் தகரமும் விரித்து என்ன பயன்?

தம்பலகாமத்துப் பெண்:
தாயின் சுபாவம் இறங்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட தாயைச் சினைப்படுத்தியவர் யார் என்பதையும் கேட்கவேண்டும், கோபிக்காதீர்கள். 5 வாரத்தில் கேட்பவர்களுக்கு இத்தாலியில் 2011இல் வந்த ஆய்வைச் சொல்லுங்கள். 30, 40 நாளில் பிரித்த நாய்களையும் 2 மாதத்தில் பிரித்தவற்றையும் ஒப்பிட்டார்கள். சீக்கிரம் பிரித்தவற்றில் அளவுக்கு மீறிய குரைப்பு, நடக்கக் கூட்டிப்போனால் பயம், சாமான்களைக் கடித்துக் குதறுவது எல்லாம் கூடுதல். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயும் கூடப்பிறந்தவையும்தான் கற்றுக்கொடுக்கின்றன.

உவர்மலைத் தம்பிக்கும் ஒன்று: மாமாவிடம் குட்டியைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். 8ஆவது வாரத்தை ஒட்டிப் பயம் கூடும் காலம். அவர் தரையில் உட்கார்ந்து, குட்டியைப் பார்க்காமல், கையில் அவித்த கோழித்துண்டை வைத்திருக்கட்டும். அதுவாக வரவேண்டும்.

உப்புவெளி வளர்ப்பாளர்:
சரி, அடுத்த ஈற்றில் 8 வாரத்துக்கு முன் யாருக்கும் கொடுக்கமாட்டேன். கால் கழுவக் கேற்றடியில் பேசின் இருக்கும். ஒரு நேரத்தில் இரண்டு பேர், பிள்ளைகள் என்றால் தரையில் உட்காரவேண்டும். கூடுதல் சாப்பாடும் ஆள்கூலியும் விலையில் ஏறும். அப்போது உவர்மலையிலிருந்து யாரும் பேரம் பேச வரக்கூடாது.

உவர்மலை வாசி:
வருவேன். ஊசி அட்டையோடு இன்னொரு தாளும் கேட்பேன்: எந்த வாரத்தில் யார் யார் தூக்கினார்கள், என்ன சத்தம் கேட்டது என்று. பரம்பரைப் பத்திரத்துக்குக் கொடுக்கும் காசை அந்தத் தாளுக்குத் தருகிறேன்.

பழைய துறைமுகத்தான்:
தாளைப் பொய்யாக எழுதவும் பேனை ஒன்றுதான் தேவை, தம்பி. போய்த் தரையில் உட்கார்ந்து பார்.