பான்யோஸ் வெந்நீர்க் குளங்கள், துங்குராவா எரிமலை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மலைநாடன்:
ஈக்வடாரில் துங்குராவா எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் வெந்நீர்க் குளங்களின் ஊரான பான்யோஸைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அருவியின் அடியில் இருக்கும் மாதா குளத்தில், பொழுது விடியும் முன்பே, உள்ளூர் மூதாட்டி ஒருவர் கழுத்தளவு நீரில் அமர்ந்திருந்தார். 1999 அக்டோபரில் அரசு ஊரையே காலி செய்தபோது வெளியேற்றப்பட்டு, 2000 ஜனவரியில் ராணுவத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு திரும்பிய கூட்டத்தில் தாமும் நடந்து வந்ததாகக் கூறினார். எரிமலை குமுறிக்கொண்டிருந்தபோது அச்சமாக இல்லையா என்று கேட்டேன். மஞ்சளும் பழுப்புமான அந்த நீரை இரு கைகளாலும் அள்ளி என் தோளில் ஊற்றி, "துங்குராவா அம்மாதானே நமக்கு இதைச் சுடவைத்துத் தருகிறாள்" என்றார். பேராலயச் சுவரெங்கும் மாதாவின் அற்புதங்களை ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் ஊரைக் காப்பாற்றியது என்றே எண்ணுகிறேன்.

ஆற்றங்கரை:
மலைநாடன் அவர்களே, உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. வாசல் நிலையில் அடித்த மரமுளையில் கரும்புப் பாகை மாட்டி, அது பழுப்பு மாறி வெளுக்கும் வரை இழுத்து முறுக்கி மெல்கோச்சா மிட்டாய் செய்யும் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். கை நிற்காமல், "வெளியேற்றப்பட்டுத் தங்கிய முகாமில் இந்தக் கைகளுக்கு வேலையே இல்லை" என்றார். பிழைப்புக்காகத் திரும்பியவர்களின் துணிச்சலைப் பக்தி என்று மட்டும் எழுதுவது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. மேலும், 2006 ஆகஸ்டில் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலையிலிருந்து பாய்ந்திறங்கியபோது, தென்மேற்குச் சரிவில் பாலித்தாவா சிற்றூரில் உயிர்கள் போயின. அங்கிருந்தவர்களும் நம்பிக்கை உள்ளவர்கள்தாம்.

கார்முகில்:
நான் சென்றது வஸ்கூன் ஓடையை ஒட்டிய எல் சலாதோ குளங்களுக்கு. மழை வலுத்தபோது ஓடையின் இரைச்சல் மாறியதைக் கேட்ட பணியாளர், எதுவும் விளக்காமல் எல்லோரையும் கரையேறச் சொன்னார். ஈர உடையோடு மேட்டில் நின்றபடி அவர் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

செல்லவிருப்பவர்களுக்குச் சில செய்திகள். 2016-க்குப் பிறகு மலை அமைதியாக இருந்தாலும், 5,023 மீட்டர் உயரமுள்ள அதன் சரிவுகளில் படிந்த சாம்பல் கனமழையில் சேறாகி ஓடைகளில் இறங்கக்கூடும். ஆகவே மழை நாளில் ஓடையோரக் குளங்களைத் தவிருங்கள். மலையடிவாரத்து விவசாயிகள் பல ஆண்டுகளாக வானொலிக் கருவியோடு காவல் இருந்து, கண்டதையும் கேட்டதையும் எரிமலை ஆய்வகத்துக்குத் தெரிவித்து வந்தவர்கள். அவர்கள் ஓடச் சொன்னால் கேள்வி கேட்காமல் ஓடுங்கள். இதய நோய் உள்ளவர்கள் வெந்நீரிலிருந்து நேராகக் குளிர்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டாம். கூட்டம் சேருமுன் அதிகாலையிலேயே சென்றுவிடுங்கள். தலைக்கு நீச்சல் தொப்பி இல்லாமல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள்.