ஷால் இல்லாமல் பாடகர் குழுவில் நிற்கலாமா?

நாஞ்சில் தாய்:
கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள எங்கள் சபையின் அறிவிப்புப் பலகையில் சென்ற மாதம் ஒரு தாள் ஒட்டப்பட்டது. பெண் பிள்ளைகள் லெக்கின்ஸ், ஜீன்ஸ் அணிந்து ஆராதனைக்கு வரக் கூடாது; சுடிதார் அணிந்தால் ஷாலை இரண்டு தோளிலும் ஊசி குத்திப் போட்டிருக்க வேண்டும்; மீறுகிறவர்களுக்குப் பாடகர் குழுவில் இடமில்லை. ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஷால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும் வழியிலேயே ஸ்கூட்டர் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்துவிட்டது. குழுவில் நிற்க வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் கடைசி வரிசையில் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து புத்தகத்தைத் திறந்தபோதும் அவள் திறக்கவில்லை. அடக்கம் என்று நாம் இதைத்தான் சொல்கிறோமா?

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்:
சகோதரி, பிள்ளையை வாசலில் வைத்துச் சொன்னது தவறு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதியே தவறு என்று சொல்ல மாட்டேன். வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் சீருடை விதித்தால் முணுமுணுக்காமல் அணிந்துகொள்கிறோம்; சபை ஒன்று சொன்னால் மட்டும் அது அடக்குமுறை ஆகிவிடுகிறது. பாடகர் குழு சபையாரைப் பார்த்து நிற்கிறது; அங்கே நிற்பவர்களின் உடை யாருடைய கவனத்தையும் ஆராதனையிலிருந்து திருப்பக் கூடாது என்று எதிர்பார்ப்பதில் என்ன குற்றம்? அதுமட்டுமல்ல, நம் மாவட்டத்துப் பாட்டிகள் மேனியை மறைக்கும் உரிமைக்காகச் சந்தையிலும் வழியிலும் அடிபட்டவர்கள். உடுத்த துணி கிழிக்கப்பட்டவர்கள். அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளைக்கு இரண்டு முழத் துணி பாரமாகத் தோன்றுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரணியல் வாசகர்:
தோளில் சீலை போடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை ஐயா இழுத்துவிட்டதால், அதை முழுவதுமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மரியாதை என்பது மறைப்பதில் அல்ல, மறைக்காமல் நிற்பதில் இருந்தது. தன்னைவிட உயர்ந்தவர் எதிரில் மேல்துணியை எடுத்துவிடுவதே பணிவின் அடையாளம்; நாடார் பெண்கள் யார் எதிரிலும் போடவே கூடாது என்பது அதன் கடைக்கோடி. அங்கே பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் கிறிஸ்தவரான பெண்களுக்குக் குப்பாயம் என்னும் சட்டை அனுமதிக்கப்பட்டது. கவனியுங்கள்: அடக்கம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், சண்டை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். குப்பாயம் உடலை நன்றாகவே மறைத்தது. மிஷனரிகளும் அதைக் கண்ணியமான உடை என்றே கருதினார்கள். ஆனால் நம் பெண்கள் அந்தச் சட்டையின் மேல், உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். 1822 முதல் கல்குளம், இரணியல் பகுதிகளில் அடிதடி நடந்தது அந்தச் சீலைக்காகத்தான். 1829இல் அரசு வெளியிட்ட அறிவிப்பு, குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், தோள்சீலை கூடாது என்றது. 1859இல் வந்த அறிவிப்பும் எல்லா நாடார் பெண்களுக்கும் சட்டையை அனுமதித்துவிட்டு, மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், உயர்சாதியாரைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்று நிறுத்திக்கொண்டது. ஆகவே அவர்கள் கேட்டது உடலை மறைக்கும் துணியை மட்டும் அல்ல. இன்ன துணியை இன்னார்தான் உடுத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் பிறருக்கு இல்லை என்பதைக் கேட்டார்கள். அந்தப் பாட்டிகளைச் சாட்சிக்கு அழைத்தால் அவர்கள் உங்கள் சபைக் கமிட்டிக்கு ஆதரவாகப் பேசுவார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்:
நல்ல விளக்கம், ஆனால் ஒப்பீடு பொருந்தவில்லை. அரசு சொன்னது ஒரு சாதியைத் தாழ்த்துவதற்கு. சபை சொல்வது தன் பிள்ளைகளைக் காப்பதற்கு. 'போடாதே' என்பதையும் 'போடு' என்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தகுதியான வஸ்திரத்தினாலும் நாணத்தினாலும் பெண்கள் தங்களை அலங்கரிக்க வேண்டும் என்று பவுல் எழுதியிருப்பதை நாம் என்ன செய்வது?

வெண்ணுடை:
நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவள். வெள்ளைப் புடவை உடுத்துகிறேன், காதில் பொட்டுத் தங்கம்கூட இல்லை. ஆகவே உடைக் கட்டுப்பாட்டுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் ஐயா 1 தீமோத்தேயு 2:9ஐப் பாதியில் வெட்டிவிட்டார். மயிரைப் பின்னுதல், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம் ஆகியவற்றால் அலங்கரிக்காமல் என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. 1 பேதுரு 3:3உம் அதையேதான் சொல்கிறது. லெக்கின்ஸ் பற்றி வேதத்தில் எதுவும் இல்லை. தங்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே இருக்கிறது. எங்களை 'மொட்டைக் காதுக்காரிகள்' என்று கேலி செய்யும் சபைகளின் கல்யாணங்களில், பெண்ணின் கழுத்திலிருந்து இடுப்புவரை அடுக்கியிருக்கும் மாலைகளைக் கண்ணாலேயே எடை போடாத விருந்தாளி நம் மாவட்டத்தில் உண்டா? இத்தனை பவன் என்று பேசி முடித்த பிறகுதானே அந்தப் பெண்ணே பீடத்துக்கு முன் வருகிறாள்! பட்டுப் புடவையும் ஆரமும் அணிந்து முன் வரிசையில் உட்காருகிறவரை எந்த அறிவிப்புப் பலகையும் தடுக்கவில்லை. கட்டுப்பாடு வேண்டுமென்றால் வசனம் வெளிப்படையாகச் சொல்வதிலிருந்தே தொடங்குங்கள்.

குளச்சல் மகள்:
நான் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், செவிலியராக வேலை செய்கிறேன். மேலே சொன்ன 'மீனவப் பெண்களின் முரட்டுத் துணி' என் பூட்டியின் உடையாகத்தான் இருந்திருக்கும். அதை இழிவின் அளவுகோலாக வைத்தார்கள் என்பதை வாசித்தபோது சற்று நேரம் மேலே வாசிக்க முடியவில்லை. என் பாட்டி மீன் கூடையைத் தலையில் ஏற்றும்போது புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொள்வாள்; கோயிலுக்குள் நுழையும்போது அதே முந்தானை முக்காடாகிவிடும். அவளுக்கு அடக்கம் கற்றுக்கொடுக்க ஒரு தாள் தேவைப்படவில்லை. இன்னொன்று: இச்சையோடு பார்க்கிறவனைப் பற்றி இயேசு பேசியபோது, உன் கண் உனக்கு இடறலாக இருந்தால் அதைப் பிடுங்கிப்போடு என்று பார்க்கிறவனிடம்தான் சொன்னார் (மத்தேயு 5). கவனம் சிதறுகிறது என்றால், சிதறுவது யாருடைய கவனம், ஐயா?

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்:
இரண்டு நாட்களாக இதை யோசித்துக்கொண்டிருந்தேன். நகை பற்றிச் சகோதரி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படி ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தால் வழிமொழிய ஆள் கிடைக்காது. என் மகளின் கல்யாண ஆல்பத்தை யாராவது எடுத்துவந்தால் நானே தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஆனாலும் எல்லாமே அவரவர் விருப்பம் என்று விட்டுவிட முடியாது என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை. பொது வழிபாட்டுக்குப் பொதுவான ஓர் ஒழுங்கு வேண்டும்; அதை இளைஞர்களே வகுத்துக்கொள்ளட்டும் என்றால், ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு ஒழுங்காகிவிடும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு திருத்தங்களை முன்மொழிவேன்: ஆண் பிள்ளைகளுக்கும் அதே தாளில் ஒரு வரி சேர வேண்டும்; உடைக்காக யாரையும் பாடகர் குழுவிலிருந்து நீக்கும் பகுதியை எடுத்துவிட வேண்டும். லெக்கின்ஸ், ஜீன்ஸ் குறித்த வரிக்கு மறுபடியும் ஆதரவாகவே வாக்களிப்பேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நாஞ்சில் தாய்:
நன்றி, சார். மகளுக்குக் கழுத்துவரை மூடிய, முழங்காலுக்குக் கீழே இறங்கும் சுடிதார் ஒன்று தக்கலையில் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அதன் மேல் ஷால் எதற்கு என்று அவள் கேட்கிறாள். இரணியல்காரர் எழுதியதை வாசித்த பிறகு எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்:
பன்னிரண்டு பேரில் இருவர்.