ஐப்பசிக்கு முன்னால் பள்ளிப் பையிலும் வீட்டிலும் என்ன தயார் செய்கிறீர்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

உறையூர் அம்மா

காலாண்டு விடுமுறை விட்டாச்சு. இந்தப் பத்து நாளில்தான் நான் பிள்ளைகளின் பையைக் கவிழ்த்துக் கொட்டி, மழைக்காலத்துக்கு வேண்டியதை எடுத்து வைப்பேன். மகள் மூன்றாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி. போன வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வீட்டில் இருமல் சத்தம் ஓயவே இல்லை. அவளுக்கு விட்டால் இவனுக்கு, இவனுக்கு விட்டால் என் மாமியாருக்கு.

அந்தக் காய்ச்சலில் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். மகன் 14 கிலோ. டாக்டர் அவனுக்குப் பாராசிட்டமால் சிரப் 8 மில்லி என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த பாட்டில் தீர்ந்ததும் கணவர் வேறொரு கடையில் அதே பெயர் சொல்லி வாங்கி வந்தார். அதே அட்டைப்பெட்டி, அதே சிவப்பு நிறம். நான் வேலைக்குப் போயிருந்தேன். அத்தை பழைய கணக்குப்படியே 8 மில்லி கொடுத்திருக்கிறார், காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை. சாயங்காலம் வந்து பாட்டிலைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். பழையதில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். புதியதில் 250. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அந்த எண் இருக்கிறது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

கை கால் ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். எடையையும் கொடுத்த அளவையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது, இதையே மூன்று நாள் கொடுத்திருந்தால்தான் கவலை" என்றார். அத்தை அன்றிரவு சாப்பிடவே இல்லை. அவர்மேல் என்ன தப்பு? வீட்டில் எழுதி வைக்காதது எங்கள் தப்பு.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பிள்ளை பெயர், எடை, எடை பார்த்த தேதி. அதற்குக் கீழே "120 பாட்டில் என்றால் 8 மில்லி, 250 பாட்டில் என்றால் 4 மில்லி". டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்து எழுதியது. பக்கத்தில் ஒரு பேனாவும் கட்டித் தொங்குகிறது. யார் மருந்து கொடுத்தாலும் மணியை எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும்.

பையில் வைப்பது இவ்வளவுதான்: கைக்குட்டை இரண்டு (ஒன்று மூக்குக்கு, ஒன்று கைக்கு), ஒரு ஜோடி சாக்ஸ், ஈரத் துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர், அவரவருக்குத் தனி பென்சில் டப்பா. என் மகள் பென்சிலைக் கடிப்பாள். கடித்த பென்சிலைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பாள், வாங்கவும் செய்வாள். அதனால் நான்கு பென்சில் கூடுதலாகவே வைக்கிறேன், இரவல் வாங்கத் தேவை வராது.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மருந்துக்கடை அண்ணன்

பதினாறு வருடமாக கவுன்டரில் நிற்கிறேன் அம்மா. நீங்கள் சொன்னது வாரத்துக்கு ஒரு முறையாவது என் கண்முன் நடக்கும். "காய்ச்சல் சிரப் ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். "எந்த பவர், குழந்தை எத்தனை கிலோ?" என்று நான் கேட்டால் பாதிப் பேருக்கு எடை தெரியாது, வயதுதான் தெரியும். ஒரே வயதில் 11 கிலோ பிள்ளையும் உண்டு, 17 கிலோ பிள்ளையும் உண்டு. பொதுவாக டாக்டர்கள் எழுதும் கணக்கு, ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி. உங்கள் தாளில் இருக்கும் எண் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்து இன்னும் வீரியம். அதில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சின்னதுக்கு வாங்கிய சொட்டு மருந்தை சிரப் அளவில் பெரியதுக்கு ஊற்றிவிடாதீர்கள். சமையலறை ஸ்பூனும் வேண்டாம், ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாட்டிலோடு வரும் மூடிக்கோப்பையைக் கழுவிப் பத்திரமாக வையுங்கள்.

இருமல் சிரப் பற்றி ஒரு வார்த்தை. 2025-இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் சின்னப் பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்களே, அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் கலந்திருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் கடையில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் அந்த அக்டோபரில் சொன்னது. சளி சிரப் பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். காய்ச்சல் மருந்தும் அதுவும் ஒன்றாகக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். சீட்டு இல்லாமல் இருமல் மருந்து கேட்டால் இப்போதெல்லாம் நான் தருவதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

போன வருடம் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் பாட்டில் ஃப்ரிட்ஜில் இருந்தால் இன்றே எடுத்துப் போடுங்கள். ஃப்ளூ வைரஸுக்கு அது வேலை செய்யாது.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்

நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். காலை எட்டரைக்குப் பிள்ளை நன்றாகத்தான் வருவான். கன்னம் மட்டும் லேசாகச் சிவந்திருக்கும். பிரேயரில் நிற்பான், பாடுவான். பதினோரு மணிக்கு மேசையில் தலை சாய்வான். தொட்டால் கொதிக்கும். காலையில் வீட்டில் கொடுத்த மருந்து அப்போது இறங்கியிருக்கும். "அம்மா சிரப் குடுத்தாங்க, டீச்சர்ட்ட சொல்லாதன்னாங்க" என்று அவனே சொல்லிவிடுவான். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த மூன்று பேருக்குத் தொற்றியிருக்கும்.

அந்த அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். லீவு போட்டால் சம்பளம் போகும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் நாங்கள் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. ஆண்டு விழாவில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுத்தோம். நானே மேடையில் பெயர் வாசித்திருக்கிறேன். ஒரு தாத்தா வந்து, "ஜுரத்தோடதான் அனுப்பினோம் டீச்சர், பரிசு போயிடும்னு அழுதான்" என்று பெருமையாகச் சொன்னபோது நெஞ்சில் குத்தியது. தலைமையாசிரியரிடம் பேசினேன். இரண்டு வருடமாக அந்தப் பரிசு இல்லை.

மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். வீட்டுப்பாடம் எங்கேயும் ஓடிவிடாது.

எங்கள் வகுப்பில் பலன் கொடுத்த ஒன்று: எலுமிச்சம்பழம் கட்டி வரும் வலைப்பை இருக்கிறதே, அதற்குள் சோப்பைப் போட்டுக் குழாயிலேயே கட்டிவிட்டோம். சோப்பு கீழே விழாது, சாக்கடையில் போகாது. பிள்ளைகள் வலையோடு தேய்த்தாலே நுரை வருகிறது. ஒன்றிலிருந்து இருபது வரை மெதுவாக எண்ணிக்கொண்டே கழுவச் சொல்லியிருக்கிறேன். எண்ணும் படித்த மாதிரி ஆயிற்று.

குன்னூர் அப்பா

என் மகளுக்கு வீசிங். எங்களுக்குக் குளிர் வேறு. ஃப்ளூ ஊசி பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வருடாவருடம் போடச் சொல்கிறது. ஆஸ்துமா மாதிரி தொந்தரவு உள்ள பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும். முதல் தடவை போடும் சின்னப் பிள்ளைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். போட்டபின் உடம்பில் எதிர்ப்பு ஏற இரண்டு வாரம் பிடிக்கும். இது தெரியாமல் முதல் வருடம் மழை கொட்ட ஆரம்பித்த பிறகு போனோம். இரண்டாவது டோஸுக்கு முன்னாலேயே அவள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். இப்போது ஆடி மாதமே டாக்டரிடம் பேசிவிடுகிறோம்.

அவள் பையில் இன்ஹேலர், அதில் மாட்டும் ஸ்பேசர் குழாய், எப்படிக் கொடுப்பது என்று தமிழில் எழுதிய சீட்டு, எங்கள் போன் நம்பர். டீச்சரிடம் ஒரு முறை நேரிலேயே செய்து காட்டினேன்.

உறையூர் அம்மா

டீச்சர், வலைப்பை யோசனையை எங்கள் பள்ளியில் சொல்கிறேன். தண்ணீர் பாட்டில் பற்றி எழுத மறந்துவிட்டேன். உறிஞ்சிக் குடிக்கிற பாட்டிலை வாராவாரம் கழுவத்தான் செய்தேன். ஒரு நாள் ஹேர்பின்னால் மூடியிலிருக்கிற ரப்பரை நெம்பி எடுத்தால், அடியில் கறுப்பாக வழவழவென்று படிந்திருந்தது. அந்த வாசனையை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. மறுநாளே வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டில் வாங்கிவிட்டேன். அடியில் நெயில் பாலிஷால் பெயர் எழுதினேன், எத்தனை தேய்த்தாலும் போகவில்லை.

புதுவைப் பாட்டி

ஐப்பசியோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள் கண்ணுகளா. 2023 மார்ச்சில் இங்கே ஃப்ளூ பரவி, எட்டாம் வகுப்பு வரைக்கும் 16-ஆம் தேதியிலிருந்து 26 வரை பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். நல்ல வெயில் காலம்.

என் பேத்திக்கு ஆவி பிடிக்க வைத்தது நான்தான். போர்வைக்குள் அவள் திமிற, பாத்திரம் சரிந்து தொடையில் கொட்டிவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குக் கொதிக்கும் பாத்திரம் வேண்டவே வேண்டாம். கற்பூரவள்ளிச் சாறு, மிளகு ரசம், குழைந்த சோறு எல்லாம் தருகிறேன். தேன் ஒரு வயதுக்குப் பிறகுதான். பட்டினி போடுவதில்லை, கஞ்சித்தண்ணீராவது அரை மணிக்கு ஒரு முறை இரண்டு வாய்.

பல்லாவரம் சித்தப்பா

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் அந்த ஃப்ரிட்ஜ் தாளிலேயே எழுதிவிடலாமே?

உறையூர் அம்மா

எழுதியிருக்கிறேன் அண்ணா. எங்கள் டாக்டர் சொல்லிக் கொடுத்தது. பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் காத்திருக்கக் கூடாது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அப்படியே. அரை நாளாக ஒன்றுக்குப் போகாமல் இருப்பது, எழுப்பினால் எழாமல் துவளுவது இரண்டும் எழுதியிருக்கிறேன்.

மழைக்காலத்தில் டெங்குவும் கூடவே வரும். காய்ச்சல் விட்டு வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் நிம்மதி ஆகிவிடாதீர்கள், உடனே கிளம்புங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதும் கிடையாது. கடைசி வரியில் 108, அதற்குக் கீழே சந்தேகம் கேட்க 104.

நேற்று மகனை எடை போட்டோம், 16.2 கிலோ. பழைய எண்ணை அடித்துவிட்டு அத்தையே புதியதை எழுதினார். புது அளவுக்கு இடம் விட்டிருக்கிறோம், திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்டு நிரப்ப வேண்டும்.