அல்லங்காடியா, இரவுநேரப் பொருளாதாரமா?

நண்பர்களே, ஆம்ஸ்டர்டாம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘நைட் டைம் எகானமி’ (இருட்டிய பிறகு நகரத்தில் நடக்கிற தொழில், வேலை எல்லாம் சேர்த்து) பக்கத்துக்கு இரண்டு தடவை வருகிறது. ‘இரவுநேரப் பொருளாதாரம்’ என்று போட்டால் ஆசிரியருக்கு உப்புச் சப்பில்லையாம். ‘நைட் மேயர்’ வேறு இருக்கிறார். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.
– சென்னை மொழிபெயர்ப்பாளர்

இதற்கா யோசனை? மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் (பகல் கடைத்தெரு) அல்லங்காடியும் (‘அல்’ என்றால் இரவு, அதாவது இரவுக் கடைத்தெரு) இருக்கின்றனவே. ‘அல்லங்காடிப் பொருளியல்’ என்று எழுதுங்கள். ‘ஆதாரம்’ வடசொல், அதையும் கழற்றிவிடலாம்.
– மதுரைக்காரன்

அங்காடி என்றால் கடைத்தெருவோடு நின்றுவிடும். 2016இல் லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய மெட்ரோ ஓட்டத் தொடங்கினார்களே, அது எந்த அங்காடி? பின்னிரவில் அலுவலகம் கூட்டுகிறவரும் மருத்துவமனைச் செவிலியரும் இதில் சேர்த்திதான். சரி, அங்காடியை விட்டுவிட்டு ‘அல்’லை மட்டும் பொருளியலோடு புணர்த்தினால் ‘அற்பொருளியல்’. பையன்கள் ‘அற்பப் பொருளியல்’ என்றுதான் படிப்பார்கள். ‘அல்வணிகம்’ என்றால் எங்கள் ஊரில் அல்வா வணிகம். இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும் என்பதால் அது ஒருவிதத்தில் பொருந்தவும் செய்யும்!
– நெல்லை

நாங்கள் பொருளாதாரத்தைப் ‘பொருண்மியம்’ என்று எழுதிப் பழகியவர்கள். ‘இராப் பொருண்மியம்’ சின்னதாக இருக்கிறது. ஒன்று கவனித்தீர்களா? லண்டன் மாநகராட்சிக் கணக்கில் இரவு என்பது மாலை 6 முதல் காலை 6 வரை. நம் சிறுபொழுதில் மாலை, யாமம், வைகறை மூன்றும் அப்படியே அதற்குள் அடங்கிவிடுகின்றன.
– யாழ்ப்பாணம்

அழகுதான். ஆனால் ‘மாலையாமவைகறைப் பொருண்மியம்’ என்று தலைப்பு வைக்க முடியுமா? மேயருக்கும் ஒரு வழி சொல்லுங்கள். அவருக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. கிளப் நடத்துகிறவர்களுக்கும் தூக்கம் கெட்ட குடியிருப்பவர்களுக்கும் மாநகராட்சிக்கும் நடுவே பேசுகிற ஆள். மிரிக் மிலான் என்பவர் 2012 முதல் அந்த வேலையைப் பார்த்தார். ‘மேயர்’ என்றால் படிப்பவர்கள் தங்கச் சங்கிலியைத் தேடுவார்கள்.
– சென்னை மொழிபெயர்ப்பாளர்

சாமக்கோடாங்கி!
– நெல்லை

சிரிப்பு இருக்கட்டும், ‘இரவுத் தூதர்’ போதும். நான் நகரமைப்பு வகுப்பில் ‘இரவுநேரப் பொருளாதாரம்’ என்றுதான் சொல்கிறேன், யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. நம்மிடம் குறைவது சொல் இல்லை. 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2019இல் வந்த அரசாணை, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடங்களுக்குத்தான். எங்கள் தெருமுனை டீக்கடையில் மாஸ்டரும் ஒரு பையனும்தான். பதினொரு மணியானால் பாய்லரை அணைக்காமல் ஷட்டரை மட்டும் முக்கால்வாசி இறக்கிவிட்டு, குனிந்து வருகிறவர்களுக்கு டீ கொடுக்கிறார்கள். அந்த முக்கால் ஷட்டருக்கு ஒரு சொல் கண்டுபிடியுங்கள்.
– கோவை ஆசிரியர்

வகுப்புக்குப் புரிகிறது என்பதற்காகத் தப்பை ஒப்புக்கொள்ள முடியாது. குறளில் 106ஆம் அதிகாரத்தின் பெயர் என்ன? ‘இரவு’. பிச்சையெடுத்தல்! ‘இரவுப் பொருளாதாரம்’ என்றால் நகராட்சி கையேந்துகிறது என்றாகிவிடும்.
– மதுரைக்காரன்

பல நகராட்சிகளுக்கு அதுவும் சரிதானே. அப்புறம், அதற்குத்தான் நடுவில் ‘நேரம்’ இருக்கிறது.
– கோவை ஆசிரியர்

அனுப்பிவிட்டேன். உள்ளே ‘இரவுநேரப் பொருளாதாரம்’, ‘இரவுத் தூதர்’. மதுரை அண்ணனுக்காகத் தலைப்பில் மட்டும் ‘அல்லங்காடி’. ஆசிரியர் உடனே போன் செய்து, “அல்லங்காடி எந்த ஊர்?” என்று கேட்டார்.
– சென்னை மொழிபெயர்ப்பாளர்

மதுரை என்று சொல்லியிருக்கலாமே.
– மதுரைக்காரன்