செட் அட்கின்ஸ் - லெஸ் பால் எல்பி: ஒரு பக்க ஒலி மங்குகிறது, உதவுங்கள்

நாஷ்வில்லில் இருக்கிறேன். கிதார் கலைஞர்கள் செட் அட்கின்ஸும் லெஸ் பாலும் சேர்ந்து வாசித்து, 1976ல் ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்ட 'செஸ்டர் அண்ட் லெஸ்டர்' எல்பியை (இசைத்தட்டை) ஒரு பழைய ரெக்கார்டு கடையில் தேடிப் பிடித்தேன். கேட்கத்தான் முடியவில்லை. ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் இடது பக்க ஒலி மங்கி, கரகரத்து, நின்றுவிடுகிறது. இரண்டு கிதாரும் மாறி மாறிப் பேசுவதுதானே இந்த ஆல்பத்தின் உயிர்!

பிளேயர் பெல்ட் டிரைவ் வகை, வயது முப்பதுக்கு மேல். மூன்று வாரமாக இதே தொல்லை. மற்ற ரெக்கார்டுகளிலும் அப்படியே. ஊசியைத் துடைத்தேன், ஹெட்ஷெல் (பிளேயர் கையின் முனைப் பகுதி) பின்களைச் சுத்தம் செய்தேன், அப்புறம் ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்றினேன். ஆம்ப்ளிஃபயரில் இடது வலது இணைப்பை மாற்றிச் செருகினால் கோளாறும் வலப்பக்கம் போகிறது. எனவே ஆம்ப்பிலோ ஸ்பீக்கரிலோ குறையில்லை.

பழுது டோன்ஆர்முக்குள் (பிளேயரின் கைக்குள்) ஓடும் மெல்லிய வயரிலா, வெளியே வரும் கேபிளிலா என்று மல்டிமீட்டரால் எப்படிக் கண்டுபிடிப்பது?