ஒட்டுசுட்டான் மில்லுக்குள் ஒரு எம்ஜி எஞ்சின்

மாங்குளத்திலிருந்து:

எனக்குத் தொழில் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினும் முச்சக்கர வண்டியும் திருத்துவது. பழைய இங்கிலிஸ் கார்களில் ஒரு பைத்தியம் உண்டு, அவ்வளவுதான். அதைக் கேள்விப்பட்டு, போன மாசியில் ஒட்டுசுட்டானில் ஒரு பெரியவர் கூப்பிட்டார். "மில்லுக்குள்ள ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் ஒண்டு கிடக்கு தம்பி. கொழும்பில இருந்து ஒருத்தர் மூண்டு லட்சம் தாறன் எண்டு நிக்கிறார். வந்து பாத்துச் சொல்லு, குடுக்கலாமோ?"

படங்கை விலக்கியதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. நாலு சிலிண்டர், பக்கத்தில் இரண்டு எஸ்யூ காபரேற்றர், அதாவது பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் சாமான். யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து வாங்கி வந்து நெல் குத்தும் மெஷினோடு பூட்டினாராம். சின்னப் போத்தலில் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வன்னியில் அந்த வித்தை தெரியாத மெக்கானிக் அப்போது இருந்திருக்க மாட்டார்.

கொழும்புக்காரர் சொன்னது இது எம்ஜிஏ எஞ்சின் என்று. எம்ஜிஏ என்பது எம்ஜி கம்பனி 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் அபிங்டன் ஆலையில் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் அதற்குப் போட்டது எம்ஜி, ஒஸ்டின், மொரிஸ் எல்லாம் சேர்ந்திருந்த பிஎம்சி கம்பனியின் பி சீரிஸ் எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின்தான் நம் ஊரில் ஓடிய ஒஸ்டின் கேம்பிரிட்ஜுக்கும் மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும். வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டு காபரேற்றரை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. மனிபோல்ட் குழாயோடு சேர்த்து ஒரு மணித்தியாலத்தில் கழற்றி அடுத்த எஞ்சினில் பூட்டிவிடலாம்.

பார்க்க வேண்டியது புளொக்கின் வலப்பக்கம், டைனமோ பிடிக்கும் இடத்துக்கு மேலே ரிவெட் அடித்திருக்கும் சின்னத் தகடு. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். 15 வந்தது, சரி, 1489 சிசி. அடுத்து ஜி. ஜி என்றால் எம்ஜி. ஒஸ்டின் என்றால் ஏ, மொரிஸ் என்றால் எம் வந்திருக்கும். சத்தம் போட்டுவிட்டேன், பெரியவரின் பேரப்பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பிறகுதான் அடுத்த எழுத்தைத் துடைத்தேன். சி.

ஜிபி அல்லது ஜிடி என்றிருந்தால் எம்ஜிஏ. ஜிசி என்றால் மேக்னெட் இசட்பி. அதுவும் எம்ஜிதான், அதற்கும் இரண்டு எஸ்யூதான், ஆனால் நாலு கதவு வைத்த குடும்பக் கார். ஒரே ஒரு எழுத்து!

பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எம்ஜி தானே?" "எம்ஜிதான் ஐயா." "அது போதும்" என்றார். அவருக்குப் போதும், கொழும்புக்காரருக்குப் போதாது. உண்மையைச் சொன்னதும் எண்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டார்.

அது நியாயமான விலையா என்று பார்க்க எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினோம். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் கஸ்கட், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. மண்ணெண்ணெய்க்குக் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அமுக்கம், கூடினால் எஞ்சின் தட்டும் என்று, அதைக் குறைக்க அந்தக் காலத்தில் யாரோ செய்த வேலை. மூளைக்காரன். சிலிண்டரின் உள் விட்டத்தை அளந்தால் 74.04 மில்லிமீற்றர். கம்பனி அளவு 73.025, ஆக நாற்பது தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) ஏற்கெனவே வெட்டியாயிற்று. இன்னும் ஒருதடவை அறுபதுக்கு வெட்டலாம். எஞ்சினைத் தொலைத்த எம்ஜிஏக்காரர் ஒருவருக்கு இது நன்றாக உதவும். ஆனால் அவருடைய காருக்கு அது ஒருநாளும் ஆலையில் பூட்டிய சொந்த எஞ்சின் ஆகாது.

வேறு யாருக்காவது இப்படி அகப்பட்டதுண்டா?

முள்ளியவளையிலிருந்து:

உங்களுக்குக் கிடைக்காத ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் எங்கள் வீட்டில் இருந்தது. அருமை தெரியாமல் விற்றோம்.

அப்பாவின் மொரிஸ் மைனருக்குள் வேறு ஏதோ காரின் எஞ்சின் என்று மட்டும் தெரியும். டைனமோவின் பின்பக்கம் ஒரு சின்ன கியர்ப் பெட்டி தொங்கும், ஒரு வயரும் பூட்டாமல் சும்மா இருக்கும். மெக்கானிக்மார் எல்லோரும் "இது என்ன சாமான்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீற்றருக்கான பூட்டு அது என்பதும், ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் மாதிரி ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் அப்படி வரும் என்பதும் மிகப் பிந்தித்தான் தெரிந்தது. ஸ்பிரைட் 1958இல் வந்த தவளைக்கண் கார். மைனருக்கும் அதே 948 சிசி எஞ்சின்தான், ஆனால் மைனரின் தகட்டில் 9எம், ஸ்பிரைட்டின் தகட்டில் 9சி.

2011இல் அந்த எஞ்சினைப் பழைய இரும்பு எடுக்கிறவருக்கு நிறுத்துக் கொடுத்தோம். கிலோக் கணக்கு. இரண்டு வருடம் கழித்து வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீட்டில், ஸ்பிரைட் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தவரோடு பேச்சு வந்தது. பதிவுப் புத்தகத்தில் உள்ள சொந்த எஞ்சினைத் தேடித் தேடிக் களைத்துவிட்டேன் என்றார். அப்பா எண்ணெய் மாற்றும் கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில் எஞ்சின் இலக்கத்தை எழுதி வைத்திருந்தார். ஊருக்கு வந்து பார்த்தேன். கடைசி இலக்கம் வரை அதே.

எஞ்சினைத் தனியாக வைத்திருப்பது ஒற்றைத் தோடு வைத்திருப்பது மாதிரி. தங்கத்தின் விலைதான் வரும். மற்றத் தோடு யார் காதில் இருக்கிறதோ அவர்தான் சோடியின் விலை தருவார். விற்கமுதல் அந்த ஆளைத் தேடுங்கள்.

துணுக்காயிலிருந்து:

மாங்குளத்து அண்ணை, தகட்டைப் பார்த்தீர்கள், ரிவெட்டைப் பார்த்தீர்களா? தகடு புதிதாக அடித்து விற்கிறார்கள். அறுபது வருடத்து எஞ்சினில் பளபளவென்று பொப் ரிவெட் இருந்தால் அங்கேயே எழும்பி வந்துவிட வேண்டும்.

இன்னொன்று. காரின் சேசி இலக்கம் கையில் இருந்தால், இங்கிலாந்தில் கேய்டனில் இருக்கும் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்துக்கு எழுதலாம். ஆலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள், காசு கட்டவேண்டும். கார் கட்டி முடித்த நாளும், அதில் பூட்டிய எஞ்சினின் இலக்கமும், எந்த நாட்டுக்குப் போனது என்பதும் அதில் வரும்.

மாங்குளத்திலிருந்து:

ரிவெட் பழசுதான் தம்பி, தலையில் மில்லின் தவிட்டுத் தூசி கெட்டியாகப் பிடித்திருந்தது. பெரியவர் கொடுக்கவில்லை. மேக்னெட் வைத்திருக்கிற யாரையாவது தேடச் சொல்லியிருக்கிறார். நேற்று முறிகண்டிக்குப் போன வழியில் இறங்கி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, ஹெட்டைத் திரும்ப வைத்துப் படங்கால் மூடிவிட்டு வந்தேன். இந்தமுறை ஒரு கஸ்கட்தான் வைத்தேன்.