விழுந்ததால் வந்த காயமா, எலும்பு நோயா? பியர்டட் டிராகன் வளர்ப்பவர்களின் ஆலோசனை தேவை

தாரணி (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் வளரும் பியர்டட் டிராகன் என்ற ஓணானுக்கு இப்போது ஏழு மாத வயது. கடந்த கிழமை சோபாவின் கைப்பிடியிலிருந்து தரையில் விழுந்தது. உயரம் இரண்டடிகூட இராது. மறுநாள் முதல் இடது பின்னங்காலை ஊன்றாமல் இழுத்துக்கொண்டு நகர்கிறது, தொடையும் சற்று வீங்கியிருக்கிறது. சுளுக்காக இருக்கும், ஓய்வு கொடுத்தால் தானாக ஆறிவிடும் என்று வீட்டிலுள்ளவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. புழுவைக் கவ்வும்போது அதன் கீழ்த்தாடை ஒரு பக்கமாக நழுவுகிறது. கையில் எடுத்தால் முன்கால் விரல்கள் தாமாகவே துடிக்கின்றன. இந்தத் துடிப்பு விழுவதற்கு முன்பே இருந்தது என்று என் மகன் உறுதியாகச் சொல்கிறான்.

கண்ணாடித் தொட்டியை மேற்குப் பக்க யன்னலோரம் வைத்திருக்கிறோம். பிற்பகல் முழுவதும் நல்ல வெயில் விழும். சூட்டுக்காக ஒரு சாதாரண மின்குமிழும் உண்டு. உணவு பெரும்பாலும் சுப்பர்வேர்ம் புழுவும் வெள்ளரிக்காயும்தான். அருகிலுள்ள மிருக வைத்தியர் ஊர்வன இனங்களைத் தாம் பார்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வலி மருந்தில் ஓரிரு துளி கொடுக்கலாமா? இன்னும் சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாமா?

குகன் (கொட்டாஞ்சேனை)

வணக்கம், சகோதரி. பொறுத்துப் பார்க்க வேண்டாம். வலி மருந்தும் கொடுக்க வேண்டாம். மனிதருக்கான மருந்தை மதிப்பாகத் துளி கணக்கில் கொடுப்பது இவ்வளவு சிறிய உடலுக்கு ஆபத்து.

நீங்கள் விவரித்த மூன்று அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால், கால் முறிந்தது விழுந்ததனால் மட்டும் அல்ல என்றே நினைக்கிறேன். நல்ல எலும்புள்ள பியர்டட் டிராகன் இரண்டடி உயரத்திலிருந்து விழுந்து தொடையை முறித்துக்கொள்வது அரிது. மென்மையான தாடை, துடிக்கும் விரல்கள், சிறிய அதிர்ச்சிக்கே முறியும் கால் ஆகியவை ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கல்சியம் குறைவால் வரும் எலும்பு நலிவு நோயையே. இரத்தத்தில் கல்சியம் குறையும்போது உடல் அதனை எலும்பிலிருந்து உருவியெடுத்து ஈடுசெய்கிறது. எலும்பு மெலிந்து, அந்த இடத்தை நார்த் திசு நிரப்ப, தாடை தடித்தும் மென்மையாகவும் ஆகிறது. எலும்பிலிருந்து எடுப்பதும் போதாமற்போகும் கட்டத்தில்தான் தசைகள் துடிக்கத் தொடங்குகின்றன. ஆகவே, கால் வீக்கத்தைவிட அந்த விரல் துடிப்பே எனக்கு அதிகக் கவலை தருகிறது. அது வலிப்பாக மாறக்கூடும்.

யன்னலோர வெயில் குறித்துக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அன்போடு வளர்க்கும் பலருடைய வீட்டிலும் இதுவே நடக்கிறது. உண்ணும் கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு விற்றமின் டி3 வேண்டும். நடு அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த இந்த ஓணான், தன் தோலில் படும் புறஊதா பி கதிரைக் கொண்டே அதனை உருவாக்கிக்கொள்கிறது. வெளிச்சமும் சூடும் கண்ணாடியூடாக உள்ளே வரும். புறஊதா பி கதிரை மட்டும் யன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். பார்ப்பவருக்கு ஓணான் நாள் முழுவதும் வெயில் காய்வதாகத் தோன்றும், ஆனால் அதன் உடலுக்குத் தேவையான கதிர் ஒரு துளியும் கிடைத்திராது. போதாததற்கு, மேற்கு வெயில் கண்ணாடித் தொட்டியை அளவுக்கு மீறிச் சூடாக்கவும் கூடும். தொட்டியை இன்றே அங்கிருந்து நகர்த்துங்கள்.

உணவும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. சுப்பர்வேர்மில் கொழுப்பும் பொசுபரசும் அதிகம், கல்சியம் மிகக் குறைவு; வெள்ளரிக்காயில் பெரும்பாலும் தண்ணீரே. உணவில் கல்சியம் ஏறக்குறைய இரண்டு பங்கும் பொசுபரசு ஒரு பங்கும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. நமக்கு எளிதாகக் கிடைக்கும் முருங்கையிலை இதற்கு மிகவும் ஏற்றது. பசளியில் ஒட்சலேட்டு இருப்பதால் அது கல்சியத்தைப் பிணைத்துவிடும். தினமும் கொடுப்பதற்கு உகந்ததல்ல. பட்டர்புரூட்டை அறவே தவிர்க்க வேண்டும். மின்மினிப் பூச்சி ஒன்றே ஒன்றுகூட இந்த இனத்தைக் கொன்றுவிடக்கூடும் என்பதையும், பூச்சி பிடித்துக் கொடுக்கும் ஆசையுள்ள பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

நிலானி (மிருக வைத்திய பீட மாணவி, பேராதனை)

குகன் அண்ணா எழுதியதோடு உடன்படுகிறேன். தாமதிக்காமல் செய்ய வேண்டியது எக்ஸ்ரே. கொழும்பில் நாய், பூனைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் தனியார் நிலையங்கள் உண்டு; போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, ஊர்வனவற்றைப் பார்ப்பீர்களா, இல்லையென்றால் படத்தை மட்டுமாவது எடுத்துத் தருவீர்களா என்று கேளுங்கள். கொழும்பில் ஒருவரும் கிடைக்காவிட்டால் பேராதனையில் எங்கள் பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. துடிப்பு இருப்பதால், கல்சியத்தை ஊசி மூலம் கொடுக்க வேண்டுமா, வாய்வழி போதுமா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். கடையில் விற்கும் டி3 தூளை அள்ளிக் கொடுத்துச் சரிக்கட்ட முயல வேண்டாம். அந்த விற்றமின் மிகுந்தால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் கல்சியம் படியும்.

கொண்டுபோகும்போது ஒரு சிறிய பெட்டியில் துவாய் விரித்து, ஏறுவதற்கு எதுவும் இல்லாமல் வையுங்கள். தூக்கும்போது மார்பும் இடுப்பும் ஒருசேர உள்ளங்கையில் தாங்கப்பட வேண்டும். காலையோ வாலையோ பிடித்து இழுக்கக் கூடாது. பியர்டட் டிராகனின் வால், பல்லியின் வாலைப் போல மீண்டும் வளராது. காலுக்கு வீட்டிலேயே குச்சி வைத்துக் கட்டுவதும் வேண்டாம். மெலிந்த எலும்பு கட்டின் ஓரத்தில் இன்னொரு முறை முறியலாம்.

கொழும்பில் இருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஓணானுக்கு ஏற்ற ஈரப்பதம் 30 முதல் 40 வீதம். கொழும்புக் காற்றிலோ அது 70 வீதத்தைத் தாண்டுவது வழக்கம். நலிந்த உடலோடு ஈரமும் சேரும்போது சுவாசத் தொற்று எளிதில் பற்றும். வெயில் காயும் இடத்தில் வாயைத் திறந்து வைத்திருப்பது இயல்பு, உடற்சூட்டைத் தணிக்க அது அப்படித்தான் செய்யும். குளிர்ந்த மூலையில் இருக்கும்போதும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் குமிழ்கள் தோன்றினாலோ, அதனையும் வைத்தியரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

றமணன் (தெஹிவளை)

பல்கனியில் நேரடி வெயில் காட்டுவது பற்றி எவரும் சொல்லவில்லை. தொட்டிக்குள் புறஊதா பி கதிரைத் தரும் குழல்விளக்கு ஒன்றை வாங்கும்வரை, கம்பிவலைக் கூட்டில் வைத்துக் காலை வெயிலில் 15 அல்லது 20 நிமிடம் விடலாம் என்பது என் கருத்து. கூட்டின் பாதிக்குக் கட்டாயம் நிழல் வேண்டும். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே உள்ளே சூடு உயிரைக் கொல்லும் அளவுக்கு ஏறிவிடும். நம்மூர்க் காகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை; கூட்டை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள்.

தாரணி (வெள்ளவத்தை)

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று எக்ஸ்ரே எடுத்தோம். தொடை எலும்பு மடிந்தாற்போல் முறிந்திருக்கிறது. எலும்புகள் யாவும் மிக மங்கலாகத் தெரிகின்றன. முன்கையில் நாங்கள் அறியாத பழைய முறிவொன்றும் ஆறிய நிலையில் இருக்கிறதாம். வைத்தியர் ஊசி போட்டு, வாய்வழிக் கல்சியப் பாணியும் தந்திருக்கிறார். இன்று விரல் துடிப்பு குறைந்திருக்கிறது. இரண்டு சந்தேகங்கள் உண்டு. குழல்விளக்கை எப்படிப் பொருத்துவது? தாடை இவ்வளவு மென்மையாக இருக்கையில் எதை உண்ணக் கொடுப்பது?

குகன் (கொட்டாஞ்சேனை)

நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள், மிகவும் நல்லது. குழல்விளக்கு டி5 எனப்படும் நீளமான மெல்லிய வகையாக, பாலைவன இனங்களுக்கு உரிய, புறஊதா பி 10 அல்லது 12 வீதம் என்று குறித்த குழலாக இருக்கட்டும். அதனைச் சூட்டு மின்குமிழின் அருகிலேயே பொருத்துங்கள், ஏனெனில் தோலில் உருவாகும் முன்பொருள் டி3 ஆக மாறுவதற்கும் உடல் உணவைச் செரிப்பதற்கும் சூடு வேண்டும். ஓணானின் முதுகுக்கும் குழலுக்கும் இடையே 30 முதல் 45 சென்ரிமீற்றர்வரை இடைவெளி இருக்கலாம். சரியான தூரம் குழலுக்குக் குழல் மாறும் என்பதால் பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். நடுவே கம்பிவலை இருந்தால் கதிரின் ஒரு பகுதி குறைந்துவிடும். குழல் எரிந்துகொண்டேயிருந்தாலும் உள்ளேயுள்ள புறஊதாத் திறன் முன்னரே தேய்ந்துவிடுவதால் ஆண்டுக்கொரு முறையாவது மாற்ற வேண்டும். பொருத்திய திகதியை அதன்மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். வெயில் காயும் இடம் 40 பாகை செல்சியஸ் அளவிலும், மறுமுனை 25 முதல் 29 வரையிலும் இருக்கட்டும். கொழும்பு இரவுக்குத் தனிச் சூடு தேவையில்லை. கால் ஆறும்வரை கிளைகளையும் உயரமான கற்களையும் எடுத்துவிட்டு, வெறும் துவாயோ கடதாசியோ விரித்து வையுங்கள். மணல் வேண்டாம், நலிந்த குடலில் அடைத்துக்கொள்ளும்.

உணவுக்கு, முருங்கையிலையையும் அவித்த பூசணியையும் நன்றாக அரைத்து, வைத்தியர் சொன்ன அளவு கல்சியத் தூளைக் கலந்து, வாயோரத்தில் ஒரு துளி தடவிவிடுங்கள், தானாக நக்கும். வாயைப் பலவந்தமாகத் திறந்தால் தாடை முறியக்கூடும். மலம் கழிக்கிறதா என்பதை ஒவ்வொரு நாளும் குறித்து வையுங்கள், ஏனெனில் கல்சியம் குறைந்த உடலில் குடலும் மந்தமாகிவிடும். தாடையின் வளைவு முழுவதும் நிமிராமல் போகலாம், ஆனாலும் எலும்பு இறுகிவிட்டால் அது வழக்கம்போல் உண்ணவும் நடமாடவும் முடியும். விரல் துடிப்பு திரும்பினால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள்.